தென்னையும் பாகலும்: பாலாற்றங்கரைப் பயிர்கள் இரண்டன் ஒப்பீடு

ஒப்பிட்டு நோக்கும் முறை தமிழ் பயில்வோர்க்குப் புதியதன்று. கம்பராமாயணத்தின் நாட்டு வருணனையையும் சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தையும் அருகருகே வைத்துப் படித்தவர்கள் நாம். அரபு நாட்டைப் பாட வந்த உமறுப்புலவர் தமிழகத்து மழையையும் ஆற்றையும் வயலையும் அங்கே கொண்டுபோய்ப் படைத்ததைக் கண்டு வியந்திருக்கிறோம். நாட்டு வளம் பாட வந்த புலவர்கள் நீரைப் பாடாமல் மேற்செல்வதில்லை என்பதையும் கவனித்திருக்கிறோம். அந்தப் பயிற்சியை நூலுக்கு வெளியே கொண்டுவந்து, நம் ஆம்பூரைச் சுற்றி வளரும் பயிர்கள் இரண்டினை ஒப்பிட்டுப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒன்று, ஆண்டு முழுதும் பசுமை மாறாத தென்னை. மற்றொன்று, ஐந்து திங்களுக்குள் முளைத்துப் படர்ந்து காய்த்து உலர்ந்துவிடும் பாகற்கொடி. சுரை, பீர்க்கு, புடல் ஆகியனவும் பாகலைப் போலவே பூசணிக் குடும்பத்தைச் சார்ந்தவை. எனவே பாகலைப் பற்றி இங்குக் கூறுவன பெரும்பாலும் அவற்றுக்கும் பொருந்தும். திருமண விருந்தின் தால்ச்சாவில் கிடக்கும் சுரைக்காயையும் அன்பர்கள் நினைவிற் கொள்க.

தென்னையை மரம் என்று அழைப்பதில் தமிழாசிரியர்க்கு ஒரு தடை உண்டு. அகத்தே வைரம் உடையவை மரம், புறத்தே வைரம் உடையவை புல் என்பது தொல்காப்பிய மரபியல் வகுத்த பாகுபாடு. அதன்படி தெங்கும் பனையும் கமுகும் புல்லின்பாற்படும். இன்றைய தாவரவியலும் தென்னையை ஒருவித்திலைத் தாவரமாகக் கொண்டு, நெல்லும் மூங்கிலும் அடங்கிய பெரும்பிரிவிலேயே வைக்கிறது. ஆண்டுதோறும் வளையமிட்டுப் பருக்கும் தண்டு அதற்கில்லை, ஆணிவேரும் இல்லை. வைரம் எங்கே இருக்கிறது என்று பார்த்துச் செடியினத்தைப் பிரித்த பழந்தமிழரின் கூர்மை பாராட்டத்தக்கது. எனினும் வழக்கு வலியது என்பதால் நாமும் தென்னை மரம் என்றே எழுதுவோம்.

தென்னை வேண்டுவன

தென்னை முதலில் வேண்டுவது இடமும் காலமும் ஆகும். வரிசைக்கு வரிசை 25 அடியும், மரத்துக்கு மரம் 25 அடியும் விட்டு, மூன்றடி நீள அகல ஆழமுள்ள குழிகளில் கன்றுகளை நடுவர். ஏக்கருக்கு ஏறத்தாழ 70 மரங்கள் நிற்கும். நெட்டை இரகமாயின் முதற்பாளை வெடிப்பதற்கே ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதன்பின் அறுபது ஆண்டுகளுக்குக் குறையாமல் காய்க்கும். நட்டவர் பேரப்பிள்ளைகளும் உண்ணும் பயிர் இது.

பசுமை மாறா மரம் என்பதனால் அதன் இலை உதிர்வதில்லை என்று கொள்ளலாகாது. திங்களுக்கு ஏறக்குறைய ஒரு மட்டை புதிதாக விரிகிறது. அடியில் ஒரு மட்டை முதிர்ந்து விழுகிறது. நலமுள்ள மரத்தின் கொண்டையில் எந்நேரமும் முப்பது முதல் முப்பத்தைந்து மட்டைகள் இருக்கும். வரவும் செலவும் ஒத்திருப்பதால் கண்ணுக்கு அது மாறாத பசுமையாகத் தோன்றுகிறது. இந்தத் தோற்றம் நம்மை எவ்வாறு ஏமாற்றக்கூடும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

தண்டின் அடியிலிருந்து நாலாபுறமும் பரவும் ஆயிரக்கணக்கான நார்வேர்கள், மரத்தைச் சுற்றி ஆறேழடி வட்டத்திலேயே பெரும்பாலும் தங்கள் வேலையைச் செய்கின்றன. ஆதலால்தான் தென்னைக்கு வட்டப்பாத்தி எடுக்கிறார்கள். கோடையில் சொட்டுநீர் பாய்ச்சினால் வளர்ந்த மரம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 60 லிட்டர் நீர் வேண்டும். ஆண்டுக்கு மரம் ஒன்றுக்கு 50 கிலோ தொழுவுரம், 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ் என்பது வேளாண் துறையினர் கூறும் அளவு. இதனை இரு தவணைகளாக இடுவர். வெயிலை எவ்வளவு கொடுத்தாலும் ஏற்கும், நிழல்தான் ஆகாது.

இவை அனைத்தினும் நாம் கருதத்தக்க செய்தி வேறொன்று. தென்னையின் குருத்துக்குள் ஒரு பாளை கருக்கொண்டு, வளர்ந்து, வெடித்து, காய் முற்றிப் பறிக்கப்படும் வரை ஏறக்குறைய 44 திங்கள் ஆகின்றன. பாளை வெடித்ததிலிருந்து காய் முற்ற ஓராண்டு. அதற்கு முன் வெளியே தெரியாமல் குருத்தினுள் கழியும் காலமே மிகுதி. இன்று நம் வீட்டில் உடைக்கும் தேங்காய் மூன்றரை ஆண்டுக்கு முன்னர்த் தொடங்கியது. ஓராண்டு மழை பொய்த்தால், மறு ஆண்டும் அதற்கு மறு ஆண்டும் காய்ப்பு குறையும். மூதுரையில் ஔவையார் நன்றிக்குத் தென்னையை உவமையாகக் காட்டினார். வேரில் வார்த்ததைத் தென்னை திருப்பித் தருவது உண்மையே. ஆனால் நல்ல நீருக்கும் கெட்ட நீருக்கும் அது தரும் மறுமொழி மிகத் தாமதமாகவே வருகிறது.

பாகல் வேண்டுவன

பாகலுக்குக் காத்திருக்கத் தெரியாது. ஆடியிலோ தையிலோ விதை ஊன்றினால் ஒரு வாரத்தில் முளைவிடும். ஒன்றரைத் திங்களுக்குள் பூக்கும். ஐம்பத்தைந்து, அறுபது நாளில் முதற்காய் பறிக்கலாம். அதன்பின் வாரந்தோறும் பறித்துக்கொண்டே போக, நூற்றைம்பது நாளில் கொடி ஓய்ந்துவிடும். தென்னங்கன்று தன் முதற்பாளையைக் காட்டுவதற்குள் அதே நிலத்தில் பாகல் பத்துப் பன்னிரண்டு தலைமுறை கண்டுவிடும்.

தன் காலில் நிற்கும் தண்டை அது உண்டாக்கிக் கொள்வதில்லை. கட்டை வளர்க்கும் செலவை மிச்சப்படுத்தி, அந்த உணவையெல்லாம் இலையிலும் காயிலும் போடுகிறது. தாங்கும் பொறுப்பைப் பிறரிடம் விடுகிறது. எனவே ஆளுயரத்துக்குச் சற்று மேலாகப் பந்தல் வேண்டும். நம் பகுதியில் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்துப் பந்தல் போடுவதைக் காணலாம். பற்றுக்கம்பி சுருளும் பருவத்தில் கொடியை ஒவ்வொன்றாகக் கயிற்றில் ஏற்றிவிட ஆள் வேண்டும். தென்னந்தோப்புக்கு ஒன்றரை, இரண்டு திங்களுக்கு ஒருமுறை ஏறிப் பறிப்பவர் வந்தால் போதும். பாகற்பந்தலின் கீழ் நாள்தோறும் யாரேனும் குனிந்தும் நிமிர்ந்தும் வேலை செய்துகொண்டிருத்தல் வேண்டும். அக்கைகள் பெரும்பாலும் பெண்களின் கைகள்.

பாகலின் வேர் ஆழமாகப் போவதில்லை. மேல்மண்ணின் இரண்டடிக்குள் அதன் உலகம் அடங்கிவிடுகிறது. கோடையில் இரண்டு நாள் நீர் தவறினால் நண்பகலில் இலை துவளும். ஒரே கொடியில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே பூப்பதால் வண்டும் தேனீயும் வராமல் காய் பிடிக்காது. பாகற்பூ விடியலில் விரிகிறது. பீர்க்கும் சுரையும் மாலையில் விரிகின்றன. அந்த வேளையில் கொடி வாடிக் கிடந்தால் அன்றைய பூ வீண். நீர் நன்றாக இருந்ததா இல்லையா என்பதைப் பாகல் மூன்று வாரத்தில் சொல்லிவிடும். தென்னை சொல்ல மூன்று ஆண்டுகள் ஆகும். இவ்விரண்டிற்கும் இடையே நாம் காணும் வேறுபாடுகளுள் தலையாயது இதுவே.

உப்பின் கணக்கு

ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி நோக்கியோ மாதனூர் நோக்கியோ பாலாற்றோரமாகச் செல்வோர் தென்னந்தோப்புகளைக் காண்பர். பந்தல்களைத் தேடித்தான் காண வேண்டும். கிணற்று நீர் நன்றாயிருந்த காலத்தில் இங்கே என்னென்ன விளைந்தன என்று மூத்தோரைக் கேட்டால், நெல், கரும்பு, வாழை, காய்கறி என்று பட்டியல் நீளும். இம்மாற்றத்துக்குக் காரணம் ஒன்றன்று. பந்தலில் கொடி ஏற்றக்கூடிய கைகளுக்குக் காலணித் தொழிற்சாலைகளில் மாதச் சம்பளம் கிடைக்கிறது. நகரில் குடியிருந்துகொண்டு நிலத்தை வைத்திருப்போர்க்குத் தென்னை வசதியானது. இவற்றையெல்லாம் ஒப்புக்கொள்வோம். ஆனால் உப்பைச் சொல்லாமல் இக்கதையை முடிக்க இயலாது.

தோல் பதனிடும் தொழிலால் நிலம் கெட்டது என்னும்போது பெரும்பாலோர் குரோமியத்தையே கூறுவர். முன்னர் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட நம் தொழிலகங்களில், 1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தபின் குரோமிய முறை பரவியது உண்மை. மக்கள் நலத்துக்கு அது பெரிய செய்தி. ஆயினும் பதனிடுதலில் பயன்படும் குரோமிய வகை மண்ணில் ஒட்டிக்கொண்டு பெரும்பாலும் விழுந்த இடத்திலேயே தங்கிவிடும். சாதாரண உப்பு அப்படியன்று. அது நீரோடு கரைந்து, நீர் போகுமிடமெல்லாம் போகும். பாலாறு ஆண்டில் பெரும்பகுதி மேலே மணலும் கீழே ஊற்றுமாக இருக்கும் ஆறு. மணலுக்கடியில் நீர் நகர்ந்தால் உப்பும் கிணறு கிணறாக நகரும்.

அந்த உப்பு எங்கிருந்து வந்தது என்பதை நம்மூரார்க்குச் சொல்ல வேண்டியதில்லை. உரித்த தோல் அழுகாதிருக்க அதன் எடையில் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு உப்பைத் தடவி மண்டிக்கு அனுப்புவர். டேனரியில் முதல் வேலை அந்த உப்பை நீரில் ஊறவைத்துக் கழுவுவது. உப்புத் தடவிய தோல் ஏன் அழுகுவதில்லை? தோலில் உள்ள நீரை உப்பு வெளியே இழுத்துக்கொள்கிறது. எஞ்சிய நீரும் நுண்ணுயிர்களுக்குக் கிட்டாதபடி பிடித்துக்கொள்கிறது. மண்ணில் உப்பு மிகும்போது வேருக்கும் அதே நிலைதான். பாத்தியில் நீர் நிற்கும். வேர் உறிஞ்ச முடியாது. வெள்ளத்தின் நடுவே தாகத்தால் கொடி துவளும். இது போதாதென்று சோடியம் களிமண்ணின் கட்டமைப்பைக் குலைத்து, காற்றும் நீரும் புகாத இறுகிய தளமாக்கிவிடும். தோலைக் காக்கும் பொருள் நிலத்தைக் கெடுப்பது எவ்வாறு என்பதை நம்மூர்த் தொழிலாளி ஒருவருக்கு விளக்க இதைவிட எளிய வழி இல்லை எனலாம்.

இனி எண்களைப் பார்ப்போம். நீரின் உப்பளவை அதன் மின்கடத்து திறனைக் கொண்டு அளப்பர். மீட்டருக்கு இத்தனை டெசி சைமன் என்பது கணக்கு. உலக உணவு வேளாண் நிறுவனம் 1985இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, 0.7க்குக் கீழுள்ள நீரைக் கவலையின்றிப் பாய்ச்சலாம். 0.7 முதல் 3 வரை கவனம் வேண்டும். 3ஐத் தாண்டினால் கடுங்கட்டுப்பாடு தேவை. பாகலின் உறவாகிய வெள்ளரிக்கு, மண்ணின் உப்பு 2.5ஐத் தாண்டியதும் ஒவ்வோர் அலகு உயர்வுக்கும் விளைச்சலில் ஏறத்தாழ 13 விழுக்காடு குறைகிறது. அதுவும் வளர்ந்த கொடியின் கணக்கு. முளைப்பருவம் இன்னும் மெல்லியது.

தென்னையோ குளோரைடை உணவாகவே கொள்ளும் பயிர். நடவுக் குழியில் உப்பிடும் பழைய வழக்கம் மூடநம்பிக்கை அன்று. இலைத்துளைகளைத் திறந்து மூடி நீரைச் சிக்கனப்படுத்த அம்மரத்துக்குக் குளோரைடு வேண்டியிருக்கிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. கடற்கரையில் அது செழிப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. ஆனால் கடற்கரைத் தென்னை மணலூடே நகரும் நீரைக் குடிக்கிறது. தேங்கி நிற்கும் உவர்நீர் அதற்கும் பகையே. உப்பு எல்லை மீறினால் மட்டையின் நுனி கருகும், குரும்பை உதிரும், காய் சிறுக்கும். மரம் மட்டும் நிற்கும், பச்சையாகவே நிற்கும். வழிப்போக்கர் கண்ணுக்கு நிலம் நலமாயிருப்பதாகத் தோன்றும். பந்தல் இருந்த இடத்தில் தோப்பு வந்தது வளர்ச்சியா, அன்றி நீர் எழுதிக் கொடுத்த வாக்குமூலமா என்று நின்று பார்ப்போர் சிலரே.

நீதிமன்றத்தின் முன் இவ்வாக்குமூலம் சென்ற வரலாறும் உண்டு. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் தீர்ப்பளித்தது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாடும் இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என்று அதில் நிலைநாட்டப்பட்டது. தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு ஒவ்வாமற் போயிற்று என்னும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக வேலூர் ஆய்வு மையத்தின் கணிப்பையும், ஒரு கிலோ பதனிட்ட தோலுக்கு 35 லிட்டர் நீர் செலவாவதையும் அத்தீர்ப்பு குறிப்பிடுகிறது. உலகெங்கும் சட்ட மாணவர்கள் படிக்கும் தீர்ப்பு, நம் வீட்டுப் பின்புறத்துக் கிணற்றைப் பற்றியது. இழப்பீடும் ஆற்றின் சீரமைப்பும் முழுமையாக நடைபெறவில்லை என்று கண்டு, 2025 ஜனவரி 30ஆம் நாள் அதே நீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது.

இடைப்பட்ட காலத்தில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. கழிவுநீரின் அழுகல் பொருள்களை அவை பெரிதும் குறைத்தன. ஆனால் கரைந்த உப்பை அவ்வகைச் சுத்திகரிப்பு எடுப்பதில்லை. அதற்குச் சவ்வூடு பரவல் எந்திரங்கள் பின்னரே வந்தன. அவை பிரித்துத் தரும் உப்புக் குவியலை எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. கழிவுநீரை வெளிவிடக் குறிக்கப்பட்ட உப்பு வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். இதனை மேற்கூறிய அலகுக்கு மாற்றினால் 3.3 அளவில் வருகிறது. சட்டம் ஒப்பும் நீரே பாகலுக்கு மிகையான உப்பு நீர் என்பது இதனால் புலப்படும். சட்டத்தை மீறாமலே ஒரு பந்தலைப் பட்டுப்போகச் செய்யலாம்.

நாம் இதனை எழுதும்போது ஒன்றை மறக்கவில்லை. இப்பகுதியின் பள்ளிகளையும் கல்லூரிகளையும் எழுப்பியதில் தோல் வணிகர்களின் கொடைக்குப் பெரும்பங்கு உண்டு. நம்மில் பலர் அமர்ந்து படித்த வகுப்பறைகள் அத்தொழிலின் பயன். அதே தொழிலின் செலவுக் கணக்கில் பாகற்கொடி ஒரு வரியாக எழுதப்படாமல் இருக்கிறது. அன்று பதனிட்டவர் பெற்ற இலாபமும், இன்று கர்நாடகத்திலிருந்து லாரியில் வரும் காய்க்கு நாம் கொடுக்கும் விலையும் ஒரே பேரேட்டின் இரு பக்கங்கள்.

கெட்ட நிலத்தில் கொடி வளர்க்கவே முடியாதா என்றால், ஓரளவு முடியும். மழை பெய்து மேல்மண்ணின் உப்பு அடியில் இறங்கிய பிறகு விதை ஊன்றலாம். முளைப்பருவம் நல்ல நீரில் கழிந்துவிட்டால் பின்னர் ஓரளவு தாங்கும். மேட்டுப்பாத்தி அமைத்து வடிகால் விடுதல் இன்றியமையாதது. வடிகாலின்றி நீரை மிகுதியாகப் பாய்ச்சுவது உப்பை மேலும் சேர்க்கும். சோடியம் மிக்க மண்ணுக்கு மண் ஆய்வு கூறும் அளவில் ஜிப்சம் இட்டால் சோடியத்தின் இடத்தைச் சுண்ணாம்புச் சத்து பிடித்துக்கொள்ளும். தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்குமுன் மடக்கி உழுவதும் உதவும். தென்னை இளமையாயிருக்கும் முதல் ஆறேழு ஆண்டுகளில் இடைவெளியில் வெயில் விழுவதால் கொடிக்காய்களை அங்கேயே பயிரிடலாம். அதன்பின் மரம் உயர்ந்து தோப்பு மீண்டும் திறக்கும் வரை, அதாவது இருபது ஆண்டு அகவை வரை, நிழல் இடந்தராது. விழுந்த மட்டையும் மக்கிய நார்க்கழிவும் பாகற்குழிக்கு நல்ல மூடாக்கு; மண் காய்ந்து உப்பு மேலேறுவதைக் குறைக்கும்.

மாணவ நண்பர்கள் தத்தம் வீட்டுக் கிணற்றைத் தாமே ஆய்ந்து பார்க்கலாம். ஒரே மண் நிரப்பிய இரண்டு தொட்டிகளில் நான்கு நான்கு பாகல் விதைகளை ஊன்றுங்கள். ஒன்றுக்குச் சேமித்த மழைநீரையும், மற்றொன்றுக்குக் கிணற்று நீரையும் ஒரே அளவில் ஊற்றி வாருங்கள். எத்தனை விதை எத்தனை நாளில் முளைத்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வாரத்தில் இலை விளிம்பைப் பாருங்கள். உப்பு மிகுந்த நீராயின் இலை சிறுத்துக் கருநீலப் பச்சையாக இருக்கும். முதிர்ந்த இலையின் ஓரம் பழுப்பேறிக் காய்ந்திருக்கும். அந்நீரில் ஒரு புட்டியை எடுத்து மண் ஆய்வுக் கூடத்தில் கொடுத்தால் மின்கடத்து திறனை அளந்து எழுதித் தருவார்கள். தொட்டியில் கண்டதையும் தாளில் வந்த எண்ணையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகு, அதே கிணற்று நீர் பாயும் தென்னையின் மட்டை நுனியை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.